மாஸ்டடான் சர்வரில் மென்ஷன் ஸ்பேம்: யாராவது கட்டுப்படுத்தியிருக்கிறீர்களா?

வணக்கம். தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில், நாற்பது பேர் இருக்கும் சின்ன சர்வர் ஒன்றை நடத்துகிறேன். மூன்று நாளாக மென்ஷனில் (பெயரை டேக் செய்து வரும் பதிவுகளில்) குப்பையாகக் கொட்டுகிறது. அர்த்தமில்லாத எழுத்துக்கோர்வையில் ஒரு பெயர், புரொஃபைல் படம் கிடையாது, நாலு பேரை டேக் செய்து ஒரே லிங்க். ஒன்றை முடக்கினால் வேறொரு சர்வரிலிருந்து அடுத்தது வந்து நிற்கிறது.

2024 பிப்ரவரியில் வந்த அலையும் இப்படித்தான், கவனிக்க ஆளில்லாத சின்னச் சர்வர்கள் வழியாகத்தான் ஸ்பேம் அனுப்புபவர்கள் நுழைந்தார்கள். அப்புறம் மாஸ்டடான் மென்பொருளின் 4.2.8 பதிப்பில், மாடரேட்டர் ஒரு வாரம் எட்டிப் பார்க்காவிட்டால் புதுக் கணக்குகளுக்கு ஒப்புதல் தேவை என்று தானாக மாறும் வசதி வந்தது. நல்லதுதான், ஆனால் அப்டேட்டே செய்யாதவர்களை என்ன செய்வது?

முழு சர்வரையும் சஸ்பெண்ட் செய்தால் அங்கிருக்கும் நல்லவர்களோடு எங்கள் ஆட்களுக்கு உள்ள ஃபாலோவும் அறுந்துபோகும். அதனால் இப்போதைக்கு லிமிட் (ஃபாலோ செய்யாதவர்களுக்கு அந்தச் சர்வரின் பதிவுகளை மறைப்பது) மட்டும் போட்டிருக்கிறேன். 4.3-இல் வந்த நோட்டிஃபிகேஷன் வடிகட்டியை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும்; பாதிப்பேர் செட்டிங்ஸ் பக்கமே போவதில்லை.

நான் தேடுவது இதுதான்: புதுக் கணக்கு, ஃபாலோயர் இல்லை, இரண்டு மென்ஷனுக்கு மேல் என்றால் சர்வரிலேயே பிடித்து என் பார்வைக்கு நிறுத்திவைக்கும் ஸ்கிரிப்ட். தானாக அழிக்க வேண்டாம், புதிதாக வந்து வணக்கம் சொல்பவரும் மாட்டிக்கொள்வார். யாரிடமாவது இருந்தால் பகிர முடியுமா?