புதுப்பிப்பு: டொராண்டோ தோட்டத்தில் நட்ட பூண்டு

அக்டோபர் நடுவில் டொராண்டோ வீட்டுத் தோட்டத்தில் 'மியூசிக்' ரகப் பூண்டு நட்டதை எழுதியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. வைக்கோல் மூடாக்கைத் துளைத்துக்கொண்டு பச்சை முனைகள் வந்துவிட்டன! பனியில் நுனி கருகினாலும் பயப்பட வேண்டாம். பல் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். சொல்லப்போனால் இந்தக் குளிர் அதற்குத் தேவை. குளிர் கிடைக்காத பூண்டு பல பற்களாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடலாம்.

வெங்காயமும் இப்போதே நடலாமா என்று கேட்டவர்களுக்கு: இங்கே வேண்டாம். குளிரில் பிழைத்தாலும் வசந்தத்தில் பெரும்பாலும் பூத்தண்டு விட்டுவிடும், காய் பெருக்காது. ஏப்ரல் கடைசியில் நாற்று வையுங்கள், ஜூன் மாத நீண்ட பகலில் நன்றாகத் திரளும்.

அப்புறம், ஜூனில் பூண்டின் பூத்தண்டு சுருளும்போது கிள்ளிவிடுங்கள், பூண்டு பெரிதாகும். கிள்ளியதைப் புளிக்குழம்பில் போட்டால் அவ்வளவு ருசி.