லினக்ஸின் ‘நைஸ்’ எண்ணுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

கையேட்டின் ஆசிரியை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான லினக்ஸ் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்களெல்லாம் ஒருவாறு அமைந்துவிட்டன; ‘நைஸ்’ எண் மட்டும் நிற்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு சாதாரணச் செயல்முறைக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும், −20 முதல் 19 வரை ஓர் எண் உண்டு. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அது 0. இந்த எண் கூடக் கூட, அச்செயல்முறை மையச் செயலகத்தின் நேரத்தை மற்றவற்றுக்கு விட்டுத் தருகிறது. சாதாரணப் பயனர் தம் செயல்முறையின் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். பூச்சியத்துக்குக் கீழே இறக்குவதற்கு, முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ பயனரின் உரிமை வேண்டும்.

‘முன்னுரிமை எண்’ என்று வைக்க இயலாது. 19 என்பதைப் பார்க்கும் மாணவர் அதுவே உச்ச முன்னுரிமை என்று கொள்வார். உண்மையோ நேர் எதிர். தவிர, ஓடும் செயல்முறைகளைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளையைக் கொடுத்தால் திரையில் ‘பிஆர்’, ‘என்ஐ’ என்று இரண்டு பத்திகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் கணக்கிடும் முன்னுரிமை, பின்னது நாம் கொடுக்கும் ‘நைஸ்’ எண். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் பயிற்சி 7 முழுவதும் குழம்பிவிடும். இப்போதைக்கு ‘நல்லியல்பு எண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

அம்மையீர், ‘நல்லியல்பு’ வேண்டாம். அந்த ஆங்கிலப் பெயரடைக்கு ‘நல்ல’ என்பது பிற்காலத்தில் ஒட்டிய பொருள். ஏறத்தாழ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ‘இனிய’, ‘இதமான’ என்னும் பொருள் அதற்கு ஏற்பட்டது. மூலம் இலத்தீனத்து ‘நெஸ்கியுஸ்’: ‘நெ’ என்பது எதிர்மறை, ‘ஸ்கீரே’ என்பது அறிதல்; ஆக, அறியாதவன். இதே ‘ஸ்கீரே’ என்னும் வேரிலிருந்துதான் அறிவியலைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ என்னும் சொல்லும் கிளைத்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம். பழைய பிரெஞ்சில் ‘பேதை’ என்னும் பொருளோடு இருந்த சொல் 1300ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தது. பிறகு ‘நாணமுள்ள’, ‘எளிதில் நிறைவடையாத’, ‘நுட்பமான’ என்று படிப்படியாக மாறி, இன்று தேநீரையும் வானிலையையும் பாராட்டும் அளவுக்கு நீர்த்துவிட்டது. நுண்ணிய வேறுபாட்டைக் குறிக்க ஆங்கிலேயர் இன்னும் அச்சொல்லை ஆள்வது அந்த இடைக்காலப் பொருளின் எச்சமே.

பேதைமையைக் குறித்த சொல் பாராட்டாக மாறுவது நமக்குப் புதிதன்று. ‘மடம்’ என்றால் அறியாமை. ஆயினும் தொல்காப்பியம் அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்து மடனைப் பெண்பாற்கு உரியதாகச் சொல்கிறது. புறநானூறு 142இல் பரணர் பேகனைக் ‘கொடைமடம் படுதல் அல்லது படைமடம் படான்’ என்கிறார். வற்றிய குளம், அகன்ற வயல், களர்நிலம் என்று பாராமல் பெய்யும் மழையைப் போல, பெறுபவர் யார் என்று ஆராயாமல் கொடுப்பதே கொடைமடம். தனக்கு எவ்வளவு தேவை என்று எண்ணாமல் நேரத்தைப் பிறர்க்கு அளிக்கும் செயல்முறைக்கு இதனினும் பொருந்தும் சொல் கிடைக்குமா? ‘கொடைமட எண்’ என்பது என் பரிந்துரை. வேரும் பொருளும் ஒருங்கே அமைந்திருப்பதைக் குழுவினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழாக்கத்தில் ஈடுபட்டுள்ள நிரலாளர் எழுதியது:

ஐயா, புறநானூற்று மேற்கோளைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் ஆய்வகத்தில் முப்பது மாணவர் கட்டளை அடித்துக்கொண்டிருக்கும்போது ‘மடம்’ என்ற சொல் அவர்களுக்குத் துறவியர் மடத்தையோ ‘மடையன்’ என்ற வசையையோதான் நினைவூட்டும். பொருளிலும் ஓர் இடறல் இருக்கிறது: செயல்முறை ஆராயாமல் கொடுப்பதில்லை, கர்னல் மிகக் கணக்காகவே பங்கிடுகிறது. நேரப் பங்கைத் தீர்மானிக்க அது 0 எண்ணுக்குத் தரும் எடை 1024, 5 எண்ணுக்கு 335, 19 எண்ணுக்கு வெறும் 15. ஒரே செயலகக் கருவில் 0 எண்ணுள்ள செயல்முறையும் 5 எண்ணுள்ள செயல்முறையும் ஓயாமல் ஓடினால், நேரம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றாகப் பிரியும். போட்டியிட வேறெதுவும் இல்லாவிட்டால், 19 எண்ணுள்ளதும் முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். இது கண்மூடித்தனமான கொடையன்று. அடுத்தவர் வந்தால் மட்டும் ஒதுங்கி இடம் விடுவது.

கட்டளையைத் தட்டும்போது மாணவர் எப்படியும் அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் அடிக்கப்போகிறார். எனவே ‘நைஸ் எண்’ என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

சேலத்து உறுப்பினர் எழுதியது:

‘நைஸ்’ என்று ஒலிபெயர்த்தால் சிக்கல் தீராது. தமிழ்நாட்டில் அச்சொல்லுக்குத் தனி வாழ்வு இருக்கிறது. ‘மாவை நைசாக அரை’ என்கிறோம், ‘நைசாக நழுவிவிட்டான்’ என்கிறோம், ‘என்னை நைஸ் பண்ணாதே’ என்கிறோம். மென்மையும் தந்திரமும் கலந்த இந்தப் பொருளோடு மாணவர் அந்த எண்ணை அணுகினால் என்ன விளங்கும்? அதே வேளையில் இச்சொல் ‘நை’ என்னும் தமிழ் வினையிலிருந்து பிறந்திருக்கலாம் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. நைதல் என்றால் குழைதல். நன்கு குழைந்த மாவே நைசான மாவு. ‘நைவளம்’ என்று ஒரு பண்ணும் உண்டு. ‘நைவு எண்’ என்று வைத்தால் ஒலியும் பொருந்தும், தமிழாகவும் இருக்கும்.

பேராசிரியர்:

இதை ஏற்க இயலவில்லை. ‘நை’ என்பதற்கு வாடுதல், நசுங்குதல், வருந்துதல் என்பனவே பொருள். நைந்த துணி என்றால் கந்தலாகப்போகும் துணி. அரைக்கும் பக்குவத்துக்கு ‘மைய அரை’ என்று நம் வீடுகளில் வழங்கும் சொல் இருக்கையில், ஆங்கிலத்திலிருந்து வந்ததற்குத் தமிழ் வேர் தேடுவதால் தமிழுக்குப் பெருமை சேராது.

கொடைமடம் கடினம் என்றால், ‘நயம்’ என்னும் சொல்லைக் கருதுங்கள். ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க / நாகரிகம் வேண்டு பவர்’ என்பது குறள் 580. தீங்கு என்று தெரிந்தும் பிறர் மனம் கோணாதபடி இணங்கிப் போகும் பண்பு அங்கே பேசப்படுகிறது. ‘நய எண்’ என்பது இரண்டே சொல்.

ஆசிரியை:

ஐயா, ‘நயம்’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ‘நயமான விலை’ என்றால் குறைந்த விலை, ‘நயம் நல்லெண்ணெய்’ என்றால் உயர்ந்த தரம், ‘நயமாகப் பேசினான்’ என்றால் இதமாகப் பேசினான் அல்லது ஏய்த்தான். எண் கூடினால் எது கூடுகிறது என்று அச்சொல் காட்டவில்லை. நீங்கள் காட்டிய குறள் இடம்பெறும் அதிகாரத்தின் தலைப்பே ‘கண்ணோட்டம்’; வள்ளுவர் அதை இரக்கம் என்னும் பொருளில் ஆண்டார், நாம் இன்று ‘பார்வைக் கோணம்’ என்று ஆள்கிறோம். இலக்கியத்தில் ஒரு சொல் எவ்வளவு ஒளிர்ந்தாலும், இன்று படிப்பவர் இன்றைய பொருளோடுதான் அதைப் படிப்பார்.

நிரலாளர் ‘ஒதுங்கி இடம் விடுவது’ என்று எழுதியதை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், உடனே விளங்கிற்று. ஒரு மாணவி, ‘அப்படியானால் விட்டுக்கொடுக்கும் எண் என்று சொல்லுங்கள்’ என்றாள். ‘விட்டுக்கொடுப்பு எண் 19’ என்றால் மிகுதியாக விட்டுக்கொடுக்கிறது, ‘−20’ என்றால் மிகமிகக் குறைவாகவே விட்டுக்கொடுக்கிறது. கழித்தல் குறிக்கு விளக்கம் எழுத வேண்டிய தேவையே இல்லை.

நிரலாளர்:

நீளமான சொல்தான், பத்தித் தலைப்பில் இடம் போதாது. ஆனால் தலைப்பில் எப்படியும் இரண்டு எழுத்துச் சுருக்கமே நிற்கும் என்பதால், உடன்படுகிறேன்.

சேலத்து உறுப்பினர்:

‘நைவு’ போகட்டும். விட்டுக்கொடுப்பு எண்ணுக்கு என் ஒப்புதல்.

பேராசிரியர்:

பெரும்பான்மையினர் விருப்பம் தெரிகிறது. கையேடு தாமதமாவதை நானும் விரும்பவில்லை. எனினும் ‘விட்டுக்கொடுப்பு’ என்பது ஒரு செயலை மட்டும் சொல்கிறது, அதற்கு அடியில் உள்ள பண்பைச் சொல்லவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லை அங்கே வைத்தவர் செயல்முறைக்கு ஒரு குணத்தை ஏற்றிப் பெயரிட்டார். அக்குணம் தமிழில் விடுபடுகிறது. சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகவேனும் ‘நய எண்’ இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

ஆசிரியை:

கையேட்டில் ‘விட்டுக்கொடுப்பு எண்’ என்றே போகிறது. சொற்பட்டியலில் அதன் எதிரே ‘நய எண்’ என்பதையும் சேர்த்துவிட்டேன், ஐயா. அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையின் எண்ணை மாற்றும் ‘ரீநைஸ்’ கட்டளைக்குச் சொல் வேண்டும். அது பயிற்சி 8இல் வருகிறது.