மறு: லியொனார்டோவின் ‘வாக்குவுஸ்’ பன்முகிக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். பன்முகி என்பது பல தட்டையான முகங்களால் ஆன வடிவம். அதன் முகங்களை எடுத்துவிட்டு விளிம்புகளை மட்டும் விட்டால் லியொனார்டோவின் படங்களில் அதற்கு ‘வாக்குவுஸ்’ என்று பெயர், அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘உள்ளீடற்ற பன்முகி’ என்று இங்கே ஐயா ஒருவர் முன்வைத்த சொல்லை அந்த வடிவில் செய்த பதக்கம் ஒன்றின் நகை விவரத்தில் எழுதிப் பார்த்தேன், சரிப்படவில்லை. உள்ளே காலியாக இருக்கும் தங்கமணியும் உள்ளீடற்றதுதான், ஆனால் அது மூடியிருக்கிறது, அரக்கு அடைத்துவிடலாம். இந்தப் பதக்கத்தில் முகங்களே இல்லாததால் அரக்கு நிற்க இடமே இல்லை.

இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலியின் ‘தெய்வீக விகிதம்’ என்ற நூல் 1509இல் வெனிஸில் அச்சானது. அதற்கு லியொனார்டோ டா வின்சி வரைந்த பன்முகிகளில் பெரும்பாலானவை இரண்டு விதமாக வரும்: முகங்கள் அடைத்தது ‘சொலிதுஸ்’, முகங்களை எடுத்துவிட்டு விளிம்புகளை மட்டும் தடித்த சட்டங்களாக விட்டது ‘வாக்குவுஸ்’. இரண்டாவதில்தான் பின்பக்க விளிம்புகளும் தெரியும், பன்னிருமுகியின் 30 விளிம்புகளையும் 20 உச்சிகளையும் ஒரே படத்தில் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் கயிற்றில் தொங்குவதாகவே வரைந்திருக்கிறார், அதனால் பதக்கமாகச் செய்பவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது!

‘ஒளி ஊடுருவும் பன்முகி’ என்ற யோசனையும் வந்தது. அதுவும் வேண்டாம். நேப்பிள்ஸ் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் பச்சோலியின் ஓவியம் ஒன்று இருக்கிறது, அதில் தொங்கும் கண்ணாடிப் பன்முகியில் பாதிவரை தண்ணீர். அதற்கும் பின்பக்கம் தெரிகிறது, ஆனால் முகங்கள் இருக்கின்றன, தண்ணீர் நிற்கிறது. வாக்குவுஸில் நிற்காது. கூடு போன்றது என்ற பொருளில் ‘கூட்டுப் பன்முகி’ என்றால் பல பன்முகிகள் சேர்ந்தது என்று குழப்பம் வரும், ‘சட்டப் பன்முகி’ என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வரும்.

அதனால் என் முன்மொழிவு: சாளரப் பன்முகி. ஒவ்வொரு முகமும் ஒரு சாளரம், கோயில் கல்சாளரம்போல் காற்றும் ஒளியும் போய்வருவது. முன்னொட்டாக எங்கும் ஒட்டுகிறது: சாளரக் கனசதுரம், சாளர நான்முகி, சாளரப் பன்னிருமுகி. எதிரிணையான சொலிதுஸுக்குத் ‘திண்ம’ போதும். அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: சாளரம் என்று வைத்துவிட்டால் முகங்களுக்கு நடுவே விளிம்பாக நிற்கும் கம்பிக்குப் பெயர் தேட வேண்டாம். தச்சர் ஜன்னலுக்குச் சொல்லும் ‘சட்டம்’ அப்படியே பொருந்தும், அங்கே நீதிமன்றக் குழப்பமும் வராது.

‘வெற்று’ என்ற லத்தீன் நேர்ப்பொருள் இதில் போய்விடுகிறது என்பது உண்மை. லியொனார்டோ வரைந்தது வெறுமையை அல்ல, திறப்பை என்பதால் அதை விடலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாகக் கணிதம் கற்பிப்பவர்கள்.