புதுப்பிப்பு: தேக்கு வெனீர் பெட்டி, மூடியை அறுத்தாயிற்று

எம்.டி.எஃப். (மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை) பெட்டிக்கு வெனீர் (மெல்லிய மர ஏடு) ஒட்டும்போது மூடியைத் தனியாகச் செய்வதா, முழுதும் மூடிய பெட்டியாக ஒட்டிவிட்டு அப்புறம் அறுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். அறுப்பதுதான் சரி. தேக்கின் ரேகை மூடியிலிருந்து அடிவரை அறுபடாமல் ஓடுகிறது. தனியாகச் செய்திருந்தால் இது கிடைத்திருக்காது.

அறுக்கும் கோட்டை முதலில் கூர்கத்தியால் சுற்றிலும் கீறி, மேலே டேப் ஒட்டினேன். வெனீர் அரை மில்லிமீட்டர்தான். கீறாமல் ரம்பம் வைத்தால் ஓரம் பிய்ந்து வரும். குட்டைப் பக்கங்களை முதலில் அறுத்து, அந்த இடைவெளியில் மெல்லிய பிளைவுட் துண்டுகளைச் செருகிவிட்டு நீளப் பக்கங்களுக்குப் போனேன். இல்லையென்றால் கடைசியில் மூடி இறங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அறுத்த விளிம்பைச் சமையலறை கிரானைட் மேடையில் உப்புத்தாள் விரித்துத் தேய்த்தேன். (வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான்.)

உள்பக்கமும் வெனீர் ஏன் என்று கேட்டவர்களுக்கு: பசை காயும்போது ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பலகை வளையும்.

பாலிஷுக்கு பி.யூ. (பாலியூரிதேன் பூச்சு) வேண்டாம் என்று அரக்கைத்தான் எடுத்தேன். ஸ்பிரிட்டில் கரைத்து, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டி, மெல்லிய பூச்சுகளாகத் தேய்த்தேன். சீக்கிரம் காயும், பழுது பார்ப்பதும் எளிது. சூடான டம்ளரை மட்டும் மேலே வைக்கக் கூடாது, வெள்ளையாகத் தடம் விழும்.

பித்தளைக் கீல் இன்னும் பாக்கி. எம்.டி.எஃப். விளிம்பில் திருகு சரியாகப் பிடிக்காது என்பதால், உள்ளே ஒரு மரச்சட்டம் ஒட்டி அதில் போடப்போகிறேன்.