ஒரே பதிலை இருவர் எழுதினால் பின்னால் வந்தவர் நீக்க வேண்டுமா?

கயல்:
ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாக்கக் கேள்வி-பதில் தளத்தில் பைத்தான் நிரல்மொழி பற்றிய கேள்வி வந்தது. ஃபங்ஷனின் (அழைக்கும்போது இயங்கும் நிரல்பகுதி) உள்ளீட்டுக்கு முன்னிருப்பாக, அதாவது அழைப்பவர் எதுவும் தராதபோது பயன்படும் மதிப்பாக, வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், மறுமுறை அழைக்கும்போது பழைய மதிப்புகளும் சேர்ந்து வருகின்றனவே, ஏன்? ஃபங்ஷனை வரையறுக்கும்போதே அந்தப் பட்டியல் ஒரேயொரு முறை உருவாகிவிடுகிறது, அதனால்தான் என்று விளக்கி எழுதினேன். பதிவிட்ட பிறகு பார்த்தால், சில நிமிடங்களுக்கு முன் இன்னொருவரும் அதே தீர்வைச் சொல்லியிருந்தார். என் பதிலின் கீழ் ஒருவர் 'காப்பி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். நான் நீக்க வேண்டுமா?

நிரல்நேசன்:
நீக்கிவிடுங்கள் கயல். உங்கள் நேர்மையைச் சந்தேகித்துச் சொல்லவில்லை. நாளை இதே சிக்கலோடு தேடி வருபவர் ஒரே விஷயத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வதைப் படித்து, அவற்றுக்குள் வேறுபாடு உண்டா என்று குழம்புவார். கூடுதலாகச் சொல்ல இருந்தால் முதல் பதிலில் திருத்தம் முன்மொழியலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பிறர் பதிவின் கீழ் கருத்து எழுத, வாக்குகளால் சேரும் நன்மதிப்புப் புள்ளி 50 வேண்டும், ஆனால் திருத்தம் முன்மொழியப் புதியவராலும் முடியும்.

மதுரைக்காரி:
இதை நான் ஏற்க மாட்டேன். இருவர் ஒரே நேரத்தில் தனித்தனியே எழுதியது எப்படிக் காப்பி ஆகும்? அங்கே 'முதலில் வந்தவர்' என்பதற்கே பெரிய பொருள் இல்லை. ஒரு வரியை அவசரமாகப் போட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு விரித்து எழுதுபவர்கள் எத்தனை பேர்! முதல் 5 நிமிடங்களில் எழுதியவரே செய்யும் மாற்றங்கள் திருத்த வரலாற்றில் தனியாகப் பதிவாவதுமில்லை. ஒரு வாக்குக்கு 10 புள்ளி என்னும்போது இந்த ஓட்டப்பந்தயம் நிற்கப்போவதில்லை. நிதானமாகக் காரணத்தோடு எழுதுபவர் நீக்கிக்கொண்டே போனால், அவசரக்காரர்களின் பதில்கள் மட்டுமே மிஞ்சும்.

நிரல்நேசன்:
பதில் எழுதுபவர்களுக்கு இடையிலான நியாயத்தைப் பேசுகிறீர்கள். நான் படிப்பவரைப் பற்றிப் பேசுகிறேன்.

பழைய வாசகன்:
சில நிமிட இடைவெளியையும் சில ஆண்டு இடைவெளியையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். 2009இல் கேட்ட கேள்விக்கு, ஏற்கெனவே இருபது பதில்கள் இருக்கும்போது, அவற்றில் ஒன்றையே இன்று வேறு சொற்களில் எழுதுவதற்கு மன்னிப்பே இல்லை. புள்ளிக்காகச் செய்வது அது. ஆனால் பழைய பதில் காலாவதியாகியிருந்தால் புதிதாக எழுதத்தான் வேண்டும். பைத்தானின் பழைய பதிப்பான பைத்தான் 2இல் 3ஐ 2ஆல் வகுத்தால் 1 வரும். பைத்தான் 3இல் 1.5. பழைய விளக்கத்தை நம்பியவர் தவறான விடையோடு போய்விடுவார்.

இன்னொன்று: பிறர் பதிலிலிருந்து எடுத்தால் பெயரும் இணைப்பும் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே எழுதப்படுவதெல்லாம் பிறரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிறது. எழுதியவரைக் குறிப்பிடுவது அந்த உரிமத்தின் நிபந்தனை.

கயல்:
அவர் தீர்வை மட்டும் கொடுத்திருக்கிறார்: முன்னிருப்பை 'None' (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) என்று வைத்து, ஃபங்ஷனுக்கு உள்ளே புதுப் பட்டியல் உருவாக்கு என்று. ஏன் அப்படி நடக்கிறது என்பது என் பதிலில்தான் இருக்கிறது.

நிரல்நேசன்:
அப்படியானால் காரணத்தை வைத்துக்கொள்ளுங்கள். தீர்வுப் பகுதியை எடுத்துவிட்டு 'மேலே உள்ள பதிலைப் பார்க்கவும்' என்று எழுதுங்கள்.

மதுரைக்காரி:
'மேலே' என்று எழுதவே கூடாது ஐயா! வாக்குக்கு ஏற்ப வரிசை மாறும். கேள்வி கேட்டவரே ஏற்ற பதில்கூட 2021க்குப் பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உச்சியில் நிலையாக நிற்பதில்லை. இன்று மேலே இருப்பது நாளை கீழே கிடக்கும், சில நேரம் நீக்கப்பட்டும் போகும். காரணம், தீர்வு இரண்டும் ஒரே பதிலில் இருக்கட்டும். படிப்பவருக்கு அதுதான் உதவி.

நிரல்நேசன்:
இணைப்பு கொடுத்தால் வரிசை மாறுவது சிக்கலில்லை. நீக்கப்படலாம் என்பது சரிதான், தீர்வும் இருக்கட்டும். ஆனால் காரணத்தை முதலில் வையுங்கள், அப்போதுதான் இது வேறு பதில் என்று முதல் வரியிலேயே தெரியும். வெறும் தீர்வு மட்டும் என்றால் இன்றும் நீக்கத்தான் சொல்வேன்.

பழைய வாசகன்:
கயல், முதலில் எழுதியவரின் பதில் சரியானது என்றால் அதற்கு ஒரு வாக்கும் அளித்துவிடுங்கள். 'காப்பி' என்றவருக்குப் பதிவு நேரத்தைச் சுட்டி ஒரு வரி போதும், வாதம் வேண்டாம்.