மேளக்காரர் வீடுகளில் ‘தில்லானா மோகனாம்பாள்’ எப்படிப் பார்த்தீர்கள்?

கொடிக்கால்:
எங்கள் ஊர் சோழவந்தான். அப்பா 40 வருஷம் தவில் வாசித்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. தவிலின் இடது பக்கமான தொப்பிக்குக் குச்சி பிடிக்கிற கை அதுதான். அதோடு தவில் பரண் ஏறிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டார்கள். 1968-ல் படம் வந்தபோது அப்பாவுக்கு 14 வயது. குருவீட்டில் தங்கிப் பாடம் படித்துக்கொண்டிருந்தார். குருவே பிள்ளைகளை ரயிலேற்றி மதுரைக்குக் கூட்டிப்போய்ப் படம் காட்டினாராம். அதற்கப்புறம் எத்தனையோ முறை பார்த்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுப்படமும் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நாங்கள் சிரிக்கிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. நாகேஷ் வரும்போதெல்லாம் சும்மா இருந்தார். ரயில் காட்சியில், நாதஸ்வரக்காரராக வருகிற சிவாஜிக்கும் ஆட்டக்காரியாக வருகிற பத்மினிக்கும் நடுவில் தவில்காரர் பாலையா படுகிற பாட்டைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். “செட்டுக்கு இப்படி ஒரு ஆளு வேணும். இல்லைன்னா கோவக்கார நாயனக்காரரை வச்சுக்கிட்டுப் பிழைக்க முடியாது” என்றார். படம் முழுக்க அவருடைய வலது கை விரல்கள் நாற்காலிப் பிடியில் தவில் சொல் வாசித்துக்கொண்டே இருந்தன.

கச்சேரி நடுவில் வாணவேடிக்கை வெடித்ததும் சிவாஜி வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போவாரே, அந்த இடத்தில் எனக்குக் கைதட்டத் தோன்றியது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை ஊர்ல தலைக்கு மேல வேட்டு விட்டிருக்காங்க. எந்திரிச்சுப் போக எங்களுக்கு ஒரு நாளும் வாய்ச்சதில்ல. சம்பளம் வாங்கினாத்தானே பஸ் ஏற முடியும்?”

நானே ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். நாயனம் ஆலாபனையில் இருக்கும்போது வீடியோ எடுத்தவர் லைட் ஸ்டாண்டை அப்பாவின் தவில் மேலேயே சாய்த்து வைத்தார். தாலி கட்டுகிற நேரத்தில் விரலை ஆட்டிக் கெட்டிமேளம் கேட்டபோதுதான் மேளக்காரர்கள் இருப்பதே அந்த மண்டபத்துக்கு ஞாபகம் வந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் அப்பா வயசில், வாசிப்பை விட்டுவிட்ட கலைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வீட்டு முன்னால் திரை கட்டி, எல்லோரையும் அழைத்து இந்தப் படத்தைப் போட ஆசைப்படுகிறேன். சந்தோஷமாக வீடு திரும்புவார்களா, மனசு கனத்துப் போவார்களா? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

திமிரி:
தங்கச்சி, கண்டிப்பாகப் போடு. நான் திருப்பரங்குன்றம், நாயனம் வாசிக்கிறவன். அந்தப் படத்தில் வாசித்த சேதுராமன் - பொன்னுசாமி அண்ணன் தம்பி நம்ம மதுரைக்காரர்கள். அந்தப் பெருமை இங்கே ஒவ்வொரு செட்டுக்கும் உண்டு. படத்தில் ‘நகுமோமு’ கீர்த்தனை ஆரம்பித்ததும் எங்கள் வாத்தியார் கண்ணை மூடிக்கொள்வார். அடுத்த முறை பார்க்கும்போது சிவாஜியின் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் மட்டும் பார்ப்பார். “விரல் சரி, மூச்சு எடுக்கிற இடத்தைப் பாருடா, அதுவும் சரி” என்பார். வாசிக்கத் தெரிந்தவரை வாய்விட்டுப் பாராட்ட வைப்பது லேசான காரியமில்லை.

ஒன்று மட்டும் கவனி. புரொஜக்டருக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் போட்டுவிடாதே. நாயனம் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கேட்கும். மைக்செட்காரரிடம் பெரிய பெட்டி இரண்டு வாடகைக்கு எடுத்து, கீச்சுச் சத்தத்தைக் குறைக்கச் சொல். வர்றவர்கள் எல்லோரும் காதாலேயே படம் பார்க்கிறவர்கள்.

மேலமாசிவீதி:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் அப்பத்தா சின்னமேளக் குடும்பம், அதாவது சதிர் ஆடுகிற குடும்பம். சின்ன வயசில் ஆடியவர், அப்புறம் ஆட்டத்தை விட்டுவிட்டார். இந்தப் படத்தில் நாகேஷ் வைத்தியாக வருகிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். மைனர், மகாராஜா என்று வரிசையாக ஒரு பெண்ணுக்கு விலை பேச ஆள் வருகிறது, நடுவில் நின்று அதை முடித்து வைக்கிறவனைப் பார்த்துக் கொட்டகையே சிரிக்கிறது. நாகேஷ் நடிப்பு அபாரம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அப்பத்தாவுக்கு வேறு மாதிரி கேட்டிருக்கிறது. ‘நலந்தானா’ வரும்போது மட்டும் திரும்பி வந்து உட்கார்ந்து, முடிகிற வரைக்கும் அசைய மாட்டார். ஆம்பளை வித்வான்களை மட்டும் மனசில் வைத்துக் கூப்பிடாதீர்கள். அவர்கள் வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள். வைத்தி வரும்போது யாராவது எழுந்து போனால் உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

நாடகக்கொட்டகை:
எங்கள் அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் நடித்தவர். மனோரமா வந்ததும் எல்லோரும் சிரிப்போம், அம்மா மட்டும் அழுவார். “நாடகக்காரியை மனுசியாக் காட்டியிருக்காங்கடா” என்பார். போடுங்க அக்கா.

கொடிக்கால்:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை போட்டுவிட்டோம். 13 வித்வான்களும் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒன்பது பேரும் வந்தார்கள். திமிரி அண்ணன் சொன்னபடியே பெட்டி வாடகைக்கு எடுத்தோம்.

வேட்டு வெடிக்கிற காட்சி வந்தபோது யாரும் பேசவில்லை. சிவாஜி எழுந்து நடந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு நாயனக்காரர், 80 வயசு இருக்கும், “போய்யா, போ! எங்களுக்கும் சேர்த்துப் போ!” என்று கத்தினார். அப்புறம் எழுந்த கைதட்டலில் அடுத்த வசனம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் வலது கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். மேலமாசிவீதி அக்கா, வைத்தி வந்தபோது இரண்டு பெண்கள் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். என் அம்மாவும் அவர்களோடு போனார். இத்தனை வருஷம் அம்மா இந்தப் படத்தை எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு ராத்திரிதான் கேட்டேன். நிறையச் சொன்னார், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போட்டிக் கச்சேரியைத் திரும்பப் போடச் சொன்னார்கள். இரண்டு தடவை போட்டோம். வெற்றிலைத் தட்டு காலியாகிற வரைக்கும் யாரும் கிளம்பவில்லை.

காலையில் அப்பா தவிலைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். வலது பக்கமான வலந்தலையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “தோலு தளர்ந்துபோச்சு, வார் பிடிக்கணும்” என்றார். பக்கத்து வீட்டுப் பையன் தொப்பிக்குக் குச்சி பிடித்தால் வலந்தலையை அவர் வாசிப்பாராம். இது போல்ட் போட்ட புதுத் தவில் இல்லை, தோல் வார் போட்ட பழையது. மதுரைப் பக்கம் இன்னும் வார் பிடித்துத் தருகிறவர்கள் யாராவது இருந்தால் எந்தத் தெரு என்று சொல்லுங்கள். திங்கட்கிழமையே எடுத்துக்கொண்டு வருகிறேன்.