சிவப்பு விளக்கில் நிற்கும் கார்களுக்கு நடுவே சைக்கிள் நுழையலாமா?

ஓ.எம்.ஆர். கார்காரன்:
சென்னையில் அலுவலகம் போகும் வழியில் இன்று ஒரே சைக்கிள்காரரை மூன்று முறை முந்தினேன். ஒவ்வொரு முறையும் அகலமாக இடம் விட்டு, பின்னால் வருபவரிடம் ஹாரன் வாங்கிக்கொண்டுதான் முந்துகிறேன். அடுத்த சிக்னலில் அவர் இடப்பக்கச் சந்தில் புகுந்து முன்னால் போய் நிற்கிறார், அதுவும் ஜீப்ரா கோட்டின் மேல். கடைசி முறை ஹேண்டில் என் கண்ணாடியில் இடித்தது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். வரிசையில் நின்றால் என்ன குறைந்துவிடும்?

வேளச்சேரி மிதி:
கண்ணாடியில் இடித்தது தப்பு, அதற்குச் சமாதானமே கிடையாது. ஆனால் இரண்டு காருக்கு நடுவே சைக்கிளோடு நின்று பாருங்கள் சார். முன்னால் சைலன்சர் புகை, பின்னால் போனை நோண்டிக்கொண்டிருக்கும் ஒருவர். பச்சை விழுந்ததும் அவர் கிளம்பும் வேகத்துக்கு என்னால் மிதிக்க முடியாது. முன்னால் போய் நின்றால் எல்லார் கண்ணிலும் படுவேன். லண்டனில் இதற்கென்றே பல சிக்னல்களில் கார்களுக்கு முன்னால் சைக்கிளுக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஓ.எம்.ஆர். கார்காரன்:
அங்கே கட்டம் இருக்கிறது. இங்கே இருப்பது ஜீப்ரா. நடந்து போகிறவர் எங்கே போவார்? 2017 ஓட்டுதல் விதிமுறைகள்படி முந்துவதே பொதுவாக வலப்பக்கம்தான்.

வேளச்சேரி மிதி:
அது மோட்டார் வாகனச் சட்டம் 118ஆம் பிரிவின் கீழ் போட்டது, மோட்டார் வண்டிகளுக்கு. என் வண்டியில் ஏது மோட்டார்?

ஓ.எம்.ஆர். கார்காரன்:
நல்லா இருக்கே! மோட்டார் இல்லாததால் விதி இல்லை, ஆனால் அடிபட்டால் மட்டும் நான் குற்றவாளி.

மஞ்சள் போர்டு:
சட்டத்தை விடுங்க. டாக்சிக்கு வருவதற்கு முன்னால் நான் லாரி ஓட்டியவன். இடப்பக்க முன்சக்கரத்தை ஒட்டி நிற்கிற சைக்கிள், கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியவே தெரியாமல் போகும். வண்டியை இடப்பக்கம் ஒடித்தால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் நிற்பவருக்கு ஓரக்கல்தான் எல்லை, நகர இடமிருக்காது. கார் என்றால் பார்த்துப் போங்க தம்பி. லாரி, பஸ் என்றால் பின்னாலேயே நில்லுங்க. இண்டிகேட்டர் போடவில்லையே என்று நம்பாதீங்க, பாதிப் பேர் திரும்பின பிறகுதான் போடுவாங்க.

வேளச்சேரி மிதி:
அண்ணே, இதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். பஸ்ஸின் இடப்பக்கம் நான் போவதே இல்லை, சிக்னலில் நின்றாலே ஆட்கள் குதித்து இறங்குவார்கள். எனக்குப் பயம் கதவுதான். போன வருஷம் சிக்னலில் நின்ற ஒரு வாடகைக் காரில் பின்சீட்டுக்காரர் இறங்கக் கதவைத் திறந்தார். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இடப்பக்கம் இருப்பவர் வலது கையால் கதவைத் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் தெரிவார். பிரிட்டனில் சாலை விதிநூலிலேயே இதை 2022இல் சேர்த்துவிட்டார்கள்.

ஓ.எம்.ஆர். கார்காரன்:
இது நல்ல யோசனை, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் நீங்கள் அப்போது என்ன வேகத்தில் வந்தீர்கள்?

வேளச்சேரி மிதி:
15 கிலோமீட்டர் இருக்கும்.

மஞ்சள் போர்டு:
நிற்கிற வண்டிகளுக்கு நடுவே அது அதிகம் தம்பி. ஆள் நடக்கிற வேகம் போதும். பிரேக் மேல் இரண்டு விரல் இருக்கணும்.

வேளச்சேரி மிதி:
இப்போது அப்படித்தான் போகிறேன். டைமர் 10க்குக் கீழே வந்துவிட்டால் நுழைவதும் இல்லை. எங்கே இருக்கிறேனோ அங்கேயே ஒரு காருக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன்.

ஓ.எம்.ஆர். கார்காரன்:
அப்போ வரிசையில் நிற்கத்தானே செய்கிறீர்கள்!

வேளச்சேரி மிதி:
10 நொடிக்கு மட்டும் சார்.